உயரம் குறைகிறதா? முதுகெலும்பைக் கவனியுங்கள்!

நம் ஒவ்வொருவருடைய பணிப்பதிவேட்டின் தொடக்கப் பக்கத்திலும் பணியில் சேர்ந்தபோது இருந்த உயரம் எழுதப்பட்டிருக்கும். அங்க அடையாளங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணை அதன்பிறகு பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. மாணவர்களின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்கிறோம். நம் உயரத்தை அளப்பதில்லை. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அந்தப் பழைய எண் ஒரு முக்கியமான மருத்துவத் தகவல். இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பில் எங்கோ முறிவு ஏற்பட்டிருக்கலாம்.

வலி இல்லாமலே எலும்பு முறியுமா என்று கேட்கலாம். முறியும். முள்ளெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மருத்துவரின் கவனத்துக்கு வருகிறது. மற்றவை ‘வயசானா முதுகு வலிக்கத்தானே செய்யும்’ என்ற பேச்சில் மறைந்துவிடுகின்றன.

தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு

நம் வழக்கில் மூட்டுவலி, கழுத்துவலி எல்லாவற்றுக்கும் ‘எலும்பு தேய்மானம்’ என்ற ஒரே பெயர்தான். மூட்டுகளிலும் டிஸ்க்குகளிலும் ஏற்படுவது தேய்மானம். எலும்புப்புரை என்னும் ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பின் உட்புறமே அடர்த்தி குறைந்து வலுவிழக்கும் நோய். பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு உருவாவதும் உடலில் ஓயாமல் நடக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரைவது வேகமெடுக்கிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மூன்று மாதங்களுக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த ஆண்களுக்கும் இது வரும்.

முள்ளெலும்பின் உட்புறம் தேன்கூடு போன்றது. அதன் மெல்லிய சுவர்கள் ஒவ்வொன்றாக அறுந்தால், உடலின் எடையையே அதனால் தாங்க முடியாது. எண்ணூர் துறைமுகச் சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்டெய்னர்களை நாம் தினமும் பார்க்கிறோம். நடுவில் ஒரு கண்டெய்னரின் முன்பக்கம் மட்டும் நசுங்கினால் மேலே இருப்பவை முன்னோக்கிச் சாயும். கூன் விழுவதும் உயரம் குறைவதும் இப்படித்தான்.

எனக்கு எப்படித் தெரிந்தது?

நான் திருவொற்றியூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். 56 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேருந்தின் கடைசி இருக்கையில் வந்துகொண்டிருந்தபோது வண்டி வேகத்தடையில் தூக்கிப் போட்டது. நடுமுதுகுக்குக் கீழே சுரீர் என்றது. வீட்டருகே இருந்த கிளினிக்கில் சுளுக்கு என்று சொல்லி வலி மாத்திரையும் தைலமும் தந்தார்கள். நின்று பாடம் நடத்தினால் வலி கூடும், படுத்தால் குறையும். முதுகிலிருந்து வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டியதுபோல் இறுகும். வீட்டில் வாயுப்பிடிப்பு என்று பெருங்காயத்தண்ணீர் கொடுத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்தும் வலி போகவில்லை. எலும்பு மருத்துவர் ஒருவர் முதுகெலும்பைத் தட்டிப் பார்த்தார்; உயரத்தை அளந்தார். 153.5 செ.மீ. இருந்தது. பணிப்பதிவேட்டில் 158. பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் நெஞ்சுப் பகுதியின் 12ஆம் முள்ளெலும்பு ஆப்பு வடிவில் நசுங்கியிருந்தது. அதற்கு மேலே 8ஆம் எலும்பிலும் ஒரு பழைய முறிவு. அது எப்போது நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த இரண்டு இடங்களும் வழக்கமானவைதான். நெஞ்சின் நடுப்பகுதியிலும், நெஞ்சும் இடுப்பும் சேரும் இடத்திலும்தான் இம்முறிவுகள் அதிகம். காரணமும் பெரிதாக இருக்கத் தேவையில்லை. குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குவது, பலமாக இருமுவது, கட்டிலில் பொத்தென்று உட்காருவது போதும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அறிகுறிகள்

• செருப்பில்லாமல் சுவரோடு நின்று உயரத்தை அளந்து, பழைய உயரத்தோடு ஒப்பிடுங்கள்.
• குதிகாலும் முதுகும் சுவரில் பட நேராக நில்லுங்கள். தலையின் பின்புறம் சுவரைத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் அதுவும் ஓர் அறிகுறி.
• முன்பு எட்டிய பரண் இப்போது எட்டவில்லையா? வழக்கம்போல் கட்டிய புடவை தரையில் புரள்கிறதா?

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் தேவைப்படுவது பக்கவாட்டு எக்ஸ்-ரே. இதற்குப் பெரிய செலவில்லை. நம் பகுதியினர் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகலாம். மருத்துவர் ஜெனன்ட் 1993இல் வகுத்த முறைப்படி, முள்ளெலும்பின் உயரம் 20 முதல் 25 விழுக்காடு குறைந்தால் லேசான முறிவு, 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

அடுத்தது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தபடி, டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. இதில் ஒரு சிக்கல் உண்டு. நசுங்கிய எலும்பில் அதே அளவு தாது சிறிய இடத்தில் அடைந்திருப்பதால், ஸ்கேனில் அடர்த்தி கூடுதலாகத் தெரியும். எனவே ‘ஸ்கோர் பரவாயில்லை’ என்று நிம்மதியடைய வேண்டாம். பெரிய அடியில்லாமல், வேறு நோயும் இல்லாமல் முள்ளெலும்பு முறிந்திருந்தால் அதுவே எலும்புப்புரைக்குச் சான்று.

முறிவு புதியதா பழையதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். நசுங்கிய எலும்பெல்லாம் எலும்புப்புரையால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்றும் இருக்கிறது. அதில் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளும் இடையிலுள்ள டிஸ்க்கும் சேர்ந்து அரிக்கப்படும். மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருக்கலாம். புற்றுநோய் பரவினாலும் எலும்பு நசுங்கும். ஆகவே கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, இ.எஸ்.ஆர். போன்ற ரத்தப் பரிசோதனைகளை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

கால் மரத்துப்போவது, கால் பலமிழப்பது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண்டறிவது ஏன் அவசரம்?

2001இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓர் ஆண்டுக்குள் இன்னொன்றும் முறிந்தது. இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தும் கூடுகிறது. இதைத் தடுக்க மருந்துகள் உண்டு. நான் வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் 70 மி.கி. எடுத்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலிட்ரோனிக் அமிலம் போன்றவையும் உள்ளன. யாருக்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினமும் 1,200 மி.கி. கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. உண்டு. பால், தயிர், முருங்கைக்கீரை, காசிமேட்டில் கிடைக்கும் நெத்திலியை முள்ளோடு உண்பது எல்லாம் உதவும். நடைப்பயிற்சி நல்லது. குனிந்து காலைத் தொடும் பயிற்சி முறிவு உள்ளவர்களுக்கு ஆகாது.

பள்ளியில் என்ன செய்யலாம்?

எங்கள் பள்ளியில் இப்போது மாணவர்களை அளக்கும் நாளில் ஆசிரியர்களும் அளந்துகொள்கிறோம். பெரிய அண்டாவைத் தூக்கி இறக்கும் சத்துணவுச் சமையலர் அக்காவையும், தூய்மைப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டோம். அவர்களின் பழைய உயரம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே சுவர்ச் சோதனையும் விரல் சோதனையும் செய்தோம். அக்காவின் தலை சுவரைத் தொடவில்லை. மறுவாரம் எக்ஸ்-ரே எடுத்தார், சிகிச்சை தொடங்கியிருக்கிறது.

எலும்பின் வலிமை சேர்வது பெரும்பாலும் முப்பது வயதுக்குள்தான். ஓடுவதும் குதிப்பதும் அந்தச் சேமிப்பைக் கூட்டுகின்றன. எனவே தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையை மற்ற பாடங்களுக்குக் கடன் வாங்காமல், நம் பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவோம்.