பிஸ்டலும் அரமும்

"மகள் ஏர் பிஸ்டல் கற்றுக்கொள்கிறாள். பதின்மூன்று வயது. பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஆனால் அதில் அதை மாற்று, இதை மாற்று என்று ரேஞ்சில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை முதலில் வாங்குவது?" திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே பட்டியலும் வைத்திருக்கிறார். முதலில் எலெக்ட்ரானிக் ட்ரிகர், அடுத்து குழல் முனையில் மாட்டும் எடைகள், பிறகு குறி பார்க்கப் புது சைட். கடைசி வரியில், கேள்விக்குறி போட்டு, க்ரிப்.

2024 ஜூலையில் மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்றதிலிருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும், சந்தோஷம்தான். அந்த அம்மா தன் பட்டியலை அப்படியே தலைகீழாகப் பிடித்துப் படித்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ட்ரிகர், அதாவது விசை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். எடை தொங்கும்போதே விசை விழுந்துவிட்டால் அந்தப் பிஸ்டல் தேறாது. ஆக, எவ்வளவு பணம் கொட்டினாலும் சட்டப்படி இதைவிட இலேசான விசை கிடைக்கப் போவதில்லை. ஸ்விட்சர்லாந்தின் மொரினி 162 போன்றவற்றில் வரும் எலெக்ட்ரானிக் ட்ரிகர் அருமையானது. இரும்போடு இரும்பு உரசி நழுவும் உணர்வு அதில் இல்லை. ஆனால் அதற்கும் அதே 500 கிராம்தான். சாதாரணப் போட்டிப் பிஸ்டலிலேயே விசையை முன்னே பின்னே நகர்த்த, சற்றே திருப்ப, முதல் கட்ட இழுப்பையும் இரண்டாம் கட்ட இழுப்பையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கத் திருகுகள் இருக்கின்றன. அந்தத் திருகுகளைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் பெரும்பாலும் புது ட்ரிகர் தேடுகிறார்கள்.

குழல் முனை எடைகளும் அப்படியே. பெல்லட்டின் எடை அரை கிராம். வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் ஆறு ஜூல்கூட வராது. இந்தச் சின்ன உதைப்பையும் விழுங்க ஆஸ்திரியாவின் ஸ்டெயர் தன் எல்பி 10-இல் எதிர்த்திசையில் நகரும் ஒரு குட்டி எடையை உள்ளேயே வைத்தது. அழகான பொறியியல். அதன் நன்மையை உணர ஒருவர் ஏற்கெனவே நன்றாகச் சுடுபவராக இருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குக் குழல் முனையில் ஏறும் ஒவ்வொரு கிராமும் தோளில் ஏறும் பாரம். பிஸ்டலே ஏறக்குறைய ஒரு கிலோ. அதை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும்.

இனி க்ரிப், அதாவது மரக் கைப்பிடி. எனக்குப் பைத்தியம் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து என்ற வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். அதிலிருந்து ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் தள்ளி. நீட்டிய கை எவ்வளவு பழகினாலும் ஆடும். ஆடாத கை உலகத்தில் இல்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த ஆட்டம் அவ்வளவு பெரிய குற்றமில்லை. மொத்தக் கையும் பிஸ்டலும் சேர்ந்து, கோணம் மாறாமல், 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் நகரும். பத்துக்குப் பத்து கிடைத்துவிடும்.

பிஸ்டல் உள்ளங்கைக்குள் லேசாகத் திரும்பினால் கதை வேறு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். இலக்கு பத்து மீட்டர் தள்ளி. அதாவது முப்பது மடங்கு. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் ஒதுங்கினால் இலக்கில் ஏழரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு வளையம் போச்சு. கால் மில்லிமீட்டரை நீட்டிய கையின் தூரத்தில் கண்ணால் பிடிப்பதே கஷ்டம். அதனால்தான் பழகியவர்கள் இலக்கைப் பார்ப்பதில்லை. கண் முன் சைட்டிலேயே நிற்கும், இலக்கு மங்கலாகத் தெரியும். குறியையும் கரும்புள்ளியின் நடுவில் வைக்காமல் அதற்குக் கீழே வெள்ளைப் பகுதியில் வைப்பார்கள், கறுப்பின் மேல் கறுப்பு சைட் தெரியாது என்பதற்காக.

ஆக, தேவை ஆடாத கை இல்லை. கைக்குள் திரும்பாத பிஸ்டல். அதைத் தருவது க்ரிப் ஒன்றுதான். தூக்கும்போதே சைட் இரண்டும் தானாக ஒரு கோட்டில் வந்து நிற்க வேண்டும். மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்கிற வேலை மிஞ்சினால், அந்த வேலையைத் தசை அறுபது முறை செய்தாக வேண்டும். நாற்பதாவது முறையில் அது சலித்துவிடும்.

இதற்குச் சோதனை எளிது. பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்குங்கள். மூச்சு அடங்கியதும் கண்ணைத் திறங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில் நின்றால் க்ரிப் உங்களுடையது. எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கேயோ மரம் கூடியிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் போனால் க்ரிப்பைக் குறை சொல்லாதீர்கள். கை இன்னும் ஒரே மாதிரி பிடிக்கப் பழகவில்லை.

என் அப்பா புது மண்வெட்டி வாங்கினால் காம்பை அப்படியே போடமாட்டார். உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்து சுரண்டுவார், ஒரு போகம் முழுக்க. மழைக்குப் பிறகு கொஞ்சம், உழவுக்குப் பிறகு கொஞ்சம். அந்த மண்வெட்டியை வேறு யாராவது எடுத்தால் அரைமணியில் கை கொப்பளித்துவிடும். க்ரிப் பொருத்துவதும் சாட்சாத் இதே வேலைதான். கண்ணாடித் துண்டுக்குப் பதில் அரமும் உப்புத்தாளும், அவ்வளவே.

வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். மிகச் சிறியது தொடங்கிப் பெரியது வரை அளவுகள் உண்டு. வலக்கை க்ரிப் வேறு, இடக்கை க்ரிப் வேறு. மரம் பெரும்பாலும் வால்நட்; வியர்த்தாலும் வழுக்காமல் இருக்க அதன் மேல் அம்மி கொத்திய மாதிரிப் புள்ளி குத்தியிருக்கும். மொரினி நிறுவனம் பிஸ்டலுக்கு முன்பே க்ரிப்புக்குப் பெயர் வாங்கியது. ஜெர்மனியின் ரிங்க் கையின் அளவுக்குச் செய்து தருகிறது. பணம் இருந்தால் நல்லது. ஆனால் அளந்து செய்த க்ரிப்பும் அரம் படாமல் கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

மரத்தில் கை வைக்கும் முன் காற்றுச் சிலிண்டரைக் கழற்றுங்கள். குழலில் பாதுகாப்பு நாடாவைச் செருகுங்கள். பல பிஸ்டல்களில் க்ரிப்பின் சாய்வையே திருகால் மாற்றலாம். முதலில் அதைச் செய்து பார்த்துவிட்டு அரத்தை எடுக்கலாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள கவை எவ்வளவு மேலே ஏறிப் பொருந்துகிறதோ அவ்வளவு நல்லது. குழல் முன்கையின் நேர்கோட்டில் வர வேண்டும். சுட்டுவிரல் மரத்தில் எங்கும் ஒட்டாமல், நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். ஒட்டினால் விசையை இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளும். விரலின் முதல் கணுச் சதை விசையை நேர் பின்னால் அழுத்த வேண்டும். எட்டவில்லையென்றால் விரலை நீட்டாதீர்கள், விசையை நகர்த்துங்கள்.

எங்கே மரம் அதிகம் என்று எப்படித் தெரியும்? உள்ளங்கையில் கலர் சாக்பீஸ் தூளைத் தடவிப் பிஸ்டலைப் பிடித்து, விட்டுப் பாருங்கள். அழுத்தமாக ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். மேட்டை நான்கைந்து இழுப்பு அராவிவிட்டு நிறுத்திவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே சுட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பள்ளத்தை நிரப்ப வெளிநாட்டுப் புட்டி தேவையில்லை. அராவிய தூளையே ஃபெவிகாலில் குழைத்து அப்பலாம், நம் ஆசாரிகள் கதவு விரிசலுக்குச் செய்வதுதான். இன்னொன்று: வெயிலில் கை சற்று வீங்கும். டிசம்பர் காலையில் பொருத்திய க்ரிப் மே மாத மத்தியானத்தில் கடிக்கும். போட்டி நடக்கும் நேரத்தில், அதே சூட்டில் பொருத்துவது உத்தமம்.

கீழே உள்ளங்கையைத் தாங்கும் தட்டு ஒன்று திருகில் ஏறி இறங்கும். அதை இறுக்கிக் கையைச் சிறைவைப்பது பலர் செய்யும் காரியம். இறுகிய கைக்கு நாடித் துடிப்பே போதும், முன் சைட் தாளம் போட ஆரம்பித்துவிடும். தட்டு தொட வேண்டும், நெருக்கக் கூடாது.

இதிலும் விதிகள் குறுக்கே நிற்கின்றன. மணிக்கட்டுக்கு மேல் மரம் ஏறக் கூடாது. தட்டு மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. பெருவிரல் மேல்நோக்கித் தடையின்றி எழ வேண்டும். கடைசியில், மொத்தப் பிஸ்டலும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஐம்பது மில்லிமீட்டர் அகலம் என்பது கேட்க நிறைய. புட்டி மேல் புட்டி அப்பியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வீட்டிலேயே அட்டையில் ஒரு பெட்டி செய்து வைத்துக்கொண்டால் போட்டி அரங்கில் அரத்தைத் தேடி ஓட வேண்டாம்.

கையை ஒட்டியே எல்லாம் என்பதற்கு ஹங்கேரியின் கரோலி டகாச் போதும். ராணுவ வீரர். 1938-இல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து வலக்கை போயிற்று. சுட்டுக்கொண்டிருந்த கை. சத்தம் போடாமல் இடக்கையில் பழகி அடுத்த ஆண்டே ஹங்கேரியின் தேசியப் போட்டியில் வென்றார். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குகளில் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வாங்கினார். இந்தக் கதையை மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் கேட்கும்போதெல்லாம் அவருடைய க்ரிப்பை நினைத்துக்கொள்வேன். வலக்கைக்குப் பழகிய பிடி இடக்கைக்கு உதவாது. எத்தனை மாலைகள் அந்த மரத்தோடு மல்லுக்கட்டினாரோ.

நம் ஊர் ரேஞ்சுகளில் எனக்கு வருத்தம் தருவது இந்த இடம்தான். பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் வரிசையில் நின்று ஒரே பிஸ்டலில் மாறி மாறிச் சுடுகிறார்கள். க்ரிப் ஒரு பெரிய ஆளின் கைக்கு. குழந்தையின் விரல் விசைக்கு எட்டாததால் கையைச் சுற்றித் திருப்பிப் பிடிக்கிறது. குழல் முன்கைக்கு நேராக இல்லை. "பழகிவிடும்" என்கிறார் கோச். ஆம், பழகிவிடும், தப்பாகப் பழகிவிடும், பிறகு அதை மறக்க வைக்க இரண்டு வருடம். ஒரு பிஸ்டலுக்கு நான்கு க்ரிப் வாங்கிவைத்தால் போதும். கழற்றி மாட்ட ஒரு நிமிடம். அதற்குப் பணமில்லை என்பார்கள். சுவரில் ஃபிளெக்ஸ் மட்டும் வருடத்துக்கு இரண்டு மாறுகிறது. பெற்றோரும் குறைந்தவர்கள் இல்லை. நீல நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் பளபளக்கும் பாகங்களை மாட்டிப் புகைப்படம் எடுத்துப் போடுகிறார்கள். க்ரிப் மட்டும் கடையிலிருந்து வந்த வார்னிஷ் கலையாமல் இருக்கிறது.

சின்னப் பாகங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல் இதே மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டலின் லீவர் ஒடிந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விட்டன. 575 எடுத்துப் பன்னிரண்டாவது இடம், இறுதிச் சுற்று தவறியது. பளபளப்பான பாகத்துக்குச் செலவழிப்பதற்கு முன் ஒடியக்கூடியது, தேயக்கூடியது எது என்று கேட்டுத் தெரிந்து அதில் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். ரப்பர் ஓ-ரிங், சைட் திருகு, அதற்கான சாவி. எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

ஆகவே அந்த அம்மாவுக்கு: மகளின் கைக்கு அளவான க்ரிப், ஒரு அரம், இரண்டு தாள் உப்புத்தாள். சைட்டும் ட்ரிகரும் பிஸ்டலோடு வந்ததே போதும், இருக்கிற திருகுகளில் விளையாடட்டும். அவள் வளரும் வயது. ஒரு வருடத்தில் க்ரிப் சிறியதாகிவிடும். அப்போது அடுத்த அளவு. குழல் முனை எடை பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

பழைய பிஸ்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு விஷயம் இதற்கெல்லாம் முந்தியது. காற்றுச் சிலிண்டரில் அடைத்திருப்பது 200 பார் அழுத்தம். அந்த உலோகத்துக்கு ஆயுள் பத்து வருடம் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வரையறுத்து, தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் சிலிண்டரிலேயே பொறித்திருப்பார்கள். போட்டியில் காலாவதியான சிலிண்டரோடு நின்றால் பொறுப்பு சுடுபவருடையது. விற்பவர் துடைத்துப் பளபளவென்று நீட்டுவார். வாங்கித் திருப்பி அந்தத் தேதியைப் படியுங்கள். காலம் முடிந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.