பயிரின் நலிவைக் காட்டும் அகச்சிவப்புக் காமிரா

வெம்பக்கோட்டைத் தாலுகாவின் கரிசற் காடுகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடப்படுகின்றன. வரப்பில் நின்று நோக்குவோர்க்கு நடுக்காட்டில் வெளிறிய திட்டுகள் எளிதில் தென்படுவதில்லை. அவற்றைக் கண்டறியப் பழைய டிஜிட்டல் காமிரா ஒன்றை மாற்றியமைத்து உபயோகிக்கலாம்.

பசிய இலை சிவப்பொளியில் பெரும்பகுதியை உட்கொள்கிறது; கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியிலோ ஏறக்குறையப் பாதியைத் திருப்பிவிடுகிறது. பச்சையம் குறைந்தால் சிவப்பொளி மிகுதியாகத் திரும்பும். இலையின் உள்ளமைப்புச் சிதைந்தால் அகச்சிவப்பு குறையும். 1970-ம் ஆண்டையொட்டிக் கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோயைக் கண்டறியப் பி. ஆர். பிஷரோட்டி முதலானோர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் படமெடுத்தது இவ்வுண்மையைக் கொண்டே. 1988-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் இவ்விரு ஒளிகளையும் பதிவுசெய்தது.

காமிராவை மாற்றும் விதம்

மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர் எனப்படும். கண் சுமார் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியையே காணும். காமிராவின் சிலிக்கன் தகடோ சுமார் 1000 வரை உணரும். நிறங்கள் கெடாதிருக்கும்பொருட்டுத் தகட்டின் முன் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. அதை நீக்கித் தக்க கனமுள்ள தெளிந்த கண்ணாடியைப் பொருத்துதல் வேண்டும். கனம் பொருந்தாவிடில் படம் மங்கும். மின்னொளி விளக்குள்ள காமிராவில், பாட்டரியைக் கழற்றிய பின்னரும் சுமார் 300 வோல்ட்டு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். ஆதலால் இவ்வேலையைப் பழகிய பழுதுபார்ப்பவரிடமே ஒப்புவித்தல் நலம்.

படமெடுக்கும் விதம்

லென்ஸின் முகப்பில் திருகிமாற்றத்தக்க வடிகண்ணாடிகள் இரண்டு தேவை. ஒன்று காணும் ஒளியை மட்டும் விடுவது. மற்றது 850 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடுவது. பம்புசெட்டு அறையின் மாடிபோன்ற உயரமான இடத்தில் முக்காலியில் காமிராவை அசையாது நிறுத்தி, காற்றில்லாத வேளையில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து எடுக்கவேண்டும். இரண்டிலும் ஒரே வெள்ளைப் பலகை தெரியுமாறு வைத்து அதை 100 எனக் கொண்டு ஒளியளவுகளைக் கணக்கிடுக. காமிரா திருத்தாத மூலப்பதிவே இதற்கு ஏற்றது. அகச்சிவப்பொளி சற்று விலகிக் குவிவதால், வடிகண்ணாடியை மாற்றுந்தோறும் குவியத்தைச் சரிபார்த்தல் அவசியம்.

அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். உதாரணமாக, நல்ல இலைக்கு அகச்சிவப்பு 48, சிவப்பு 8 எனின் விடை 0.71, வெளிறிய இலைக்கு 40, 16 எனின் 0.43. வெறுங் கரிசல் மண்ணின் எண் இவற்றினும் மிகக் குறைந்திருக்கும். ஆகவே செடி நெருங்காத இடத்தை நோயென்று கருதலாகாது.

கவனிக்கத்தக்கது

இக்காமிரா நலிவுள்ள இடத்தைக் காட்டுமேயன்றி நலிவின் காரணத்தைக் காட்டாது. தழைச்சத்துக் குறைவு, தத்துப்பூச்சி, வேரழுகல் ஆகிய மூன்றும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். படத்தை மட்டும் நம்பிக் காடு முழுவதும் மருந்தடிப்பது வீண்செலவு. காட்டிய இடத்திற்குச் சென்று இலையின் அடிப்புறத்தையும் வேரையும் பார்த்த பின்னரே குடியானவர்கள் உரமோ மருந்தோ தீர்மானித்தல் வேண்டும்.