சிறை திறந்தது, வழக்கு முடியவில்லை

1979இல் பிகார் சிறைகளிலிருந்து வந்த செய்திகள் உச்ச நீதிமன்றத்தை உலுக்கின. குற்றம் நிரூபணமானால்கூட அனுபவிக்க வேண்டியிராத அளவுக்கு நீண்ட காலத்தை, விசாரணைக் கைதிகளாகவே கழித்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி, விரைவான விசாரணையும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றார். சரி, அந்த உரிமை பறிபோனால் வழக்கு என்னவாகும்? அதற்கு உறுதியான பதில் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

1991இல் அந்துலே வழக்கில் பாதிப் பதில் வந்தது: வழக்கை ரத்து செய்யலாம், ஆனால் கெடு விதிக்க முடியாது, தாமதம் யாரால் வந்தது, குற்றம் எப்படிப்பட்டது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 1996இல் இன்னொரு அமர்வு துணிந்து, சிறு குற்றங்களுக்குக் கெடு வைத்தது. அதைத் தாண்டி இழுத்தால் விடுதலை. 2002இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, கெடு விதிப்பது சட்டம் இயற்றுவோரின் வேலை என்று அதை நீக்கினார்கள்.

கெடு இல்லாவிட்டால் விசாரணை எப்படி இழுக்கும் என்பதை எல்.என்.மிஸ்ரா கொலை வழக்கில் பார்க்கலாம். ரயில்வே அமைச்சராக இருந்த அவர், 1975 ஜனவரியில் சமஸ்திபூர் ரயில் நிலையத்தில் வெடித்த குண்டுக்குப் பலியானார். வழக்கு டெல்லிக்கு மாறியது. நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். சாட்சிகள் சிலர் இறந்தே போனார்கள். இளைஞராகக் கைதான வழக்கறிஞர் ஒருவர் அறுபதைத் தாண்டிய நிலையில், 2012இல் வழக்கை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். நீதிமன்றம் மறுத்தது. வாய்தா வாங்கியதில் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கும் பங்குண்டு என்றது. அது நியாயமான காரணம்தான். 2014இல்தான் தீர்ப்பு வந்தது, நால்வருக்கு ஆயுள் தண்டனை. நாற்பது ஆண்டுகள் காத்திருந்த மிஸ்ராவின் குடும்பத்துக்கும் அது தாமதம்தான்.

ஜாமீனைப் பொறுத்தவரை இன்று நிலைமை வேறு. நஜீப் வழக்கில் 2021இலும், மணீஷ் சிசோடியா, செந்தில் பாலாஜி வழக்குகளில் 2024இலும், விசாரணை விரைவில் முடியாது என்பதற்காகவே கடுமையான சட்டங்களின் கீழும் ஜாமீன் கிடைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்தால் ஜாமீனுக்கு வழி செய்கிறது. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை.

ஆனால் வெளியே வந்தவரை வழக்கு விடுவதில்லை. டவாலி பெயரைக் கூப்பிடுகிறார். அவர் கூண்டருகே போய் நிற்கிறார். விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், சாட்சிக்குச் சம்மன் சேரவில்லை என்கிறார் அரசு வழக்கறிஞர். அடுத்த வாய்தா. அன்றைய கூலி போச்சு. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் கேட்டால், நிலுவை வழக்கு குறுக்கே நிற்கிறது.

கனடா உச்ச நீதிமன்றம் 2016இல் ஜோர்டான் வழக்கில் 18 மாதம், 30 மாதம் என்று உச்சவரம்பு வைத்தது. மீறினால் காரணம் காட்ட வேண்டியது அரசுத் தரப்பு, இல்லையேல் வழக்கு நிற்கும். அங்கே கொலை வழக்குகள்கூட அப்படி நின்றன, பலியானவர்களின் குடும்பங்கள் கொதித்தன. அந்த வலியைத் தள்ளிவிட முடியாது. கொலை வழக்கில் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஆனால் மூன்றாண்டுத் தண்டனைக்கு உரிய வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு வாய்தாவும் கேட்காமலிருக்க, அரசுத் தரப்பு ஆண்டுக்கணக்கில் ஒரு சாட்சியைக்கூட அழைத்து வரவில்லை என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் தேறாவிட்டால், அன்றே வழக்கை ரத்து செய்யுங்கள்.