ரென்ஸ் நெஸ்ட்: குவாரிக்காரர்கள் திறந்துவைத்த கடல்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பார்க்க வேண்டிய இடம் ரென்ஸ் நெஸ்ட் குன்று. சரிவில் கிடக்கும் உதிரிக்கற்களைத் தண்ணீர் கழுவித் துலக்கி வைத்திருக்கும். உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், தேனடை அறைகளைப் போல நெருக்கமாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு பவளப்பூச்சி குடியிருந்தது. அது வாழ்ந்து சுமார் 42.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 19 கோடி ஆண்டுகள் கழித்துத்தான் டைனோசர்களே தோன்றின.

கையில் இருப்பது கடல் பவளம். நிற்பதோ இங்கிலாந்தின் நட்டநடுவில், பர்மிங்ஹாமுக்கு மேற்கே உள்ள டட்லி ஊரில். பெயரில் இருக்கும் ரென், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பழுப்புச் சிட்டு. அதன் கூடு என்பதுதான் குன்றின் பெயர். சுற்றிலும் குடியிருப்புகள், மேலே ஆஷ் மரக் காடு, காட்டுக்குள் ஆழமான பள்ளங்களும் குகை வாய்களும். 1956-ல் இதைத் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். நிலவியலுக்காகவே அப்படி அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் இடம் இது.

காப்பகம் என்றதும் மனிதக் கை படாத காடு என்று நினைத்துக்கொள்வோம். இந்தக் குன்றில் கை படாத இடத்தைத் தேடத்தான் வேண்டும். நூற்றாண்டுக் கணக்காகச் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டி, குடைந்து, வெடிவைத்துத் தகர்த்த குன்று இது. அப்படி வெட்டியிராவிட்டால் உள்ளே ஒரு கடல் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றி, வெற்றிலைக்குத் தடவியவர்கள் நாம். கிளிஞ்சல் ஒரு கடல் உயிரின் ஓடு. சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் அதே சரக்குதான்; கோடிக்கணக்கான ஓடுகளும் பவளங்களும் கடலடியில் குவிந்து, நொறுங்கி, இறுகிக் கல்லானது. டட்லி இருக்கும் நிலத்துண்டு அந்தக் காலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தது. தேனடைப் பவளத்தோடு சங்கிலிப் பவளமும் அங்கே வளர்ந்தது. அதன் அறைகள் கண்ணி கண்ணியாகக் கோத்ததுபோல் இருக்கும். கடல் அல்லிகள் தண்டை ஊன்றி நின்று நீரோட்டத்தில் ஆடின. பெயர்தான் அல்லி, உண்மையில் நட்சத்திர மீனின் உறவு. இறந்த பிறகு அவற்றின் தண்டு சிறு வட்டத் துண்டுகளாகக் கழன்று போகும். நடுவில் துளையிட்ட மணிகளைப் போல இருக்கும் அந்தத் துண்டுகளைத்தான் இங்கே வரும் குழந்தைகள் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

வயதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? சுண்ணாம்பு அடுக்குகளுக்கு இடையில் விரல் தடிமனுக்கும் குறைவான களிமண் கீற்றுகள் ஓடுகின்றன. அவை எங்கோ வெடித்த எரிமலைகள் துப்பிய சாம்பல், கடலில் விழுந்து படிந்து களியானவை. அந்தச் சாம்பலில் சிர்கான் என்ற நுண்படிகங்கள் உண்டு. படிகம் உருவாகும்போது சிறிதளவு யுரேனியத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளாது. யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகச் சிதையும். இன்று இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், எரிமலை வெடித்த காலம் கிடைத்துவிடும்.

கடலடி எப்படிக் குன்றானது என்பது அடுத்த கதை. படுத்திருப்பவர் முழங்காலை மடக்கினால் மேலே கிடக்கும் போர்வை எழும்பி நிற்குமல்லவா? சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கண்டங்கள் மோதியபோது இந்த அடுக்குகள் அப்படித்தான் மேடாக எழும்பின. பிறகு மழையும் பனியும் மேட்டின் உச்சியைச் சீவிவிட்டன. குறுக்கே நறுக்கிய வெங்காயத்தில் வளையங்கள் தெரிவதுபோல, அடுக்குகளின் ஓரங்கள் தரையில் நீள்வட்டமாக வெளிப்பட்டன. அவற்றில் நல்ல சுண்ணாம்புக்கல் அடுக்குகள் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் களிமண் கலந்து உருண்டை உருண்டையாக உதிரும் மட்டமான கல். குவாரிக்காரர்கள் நல்ல அடுக்குகள் இரண்டையும் உருவி எடுத்துக்கொண்டு நடு அடுக்கை விட்டுவிட்டார்கள். அதனால்தான் குன்றை ஒட்டி நீண்ட அகழிகள் இணையாக ஓடுகின்றன. இடையில் நடு அடுக்கு முதுகெலும்புபோலத் துருத்தி நிற்கிறது. இன்று நடைபாதைகள் பலவும் போவது, ஒரு காலத்தில் கல்லாக இருந்த வெற்றிடத்தின் ஓரமாகத்தான்.

அந்தக் கல் என்ன ஆனது? முதலில் கட்டடங்களுக்குப் போனது. டட்லி கோட்டையே இந்தப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லில் எழுந்ததுதான். காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் வயலுக்கும் காரைக்கும் சுண்ணாம்பு கிடைத்தது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ. மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்துவிடும். பழங்காலக் கடல் உயிர்கள் ஓட்டுக்குள் பூட்டி வைத்த கார்பனை நாம் அவிழ்த்துவிடுகிறோம் என்று அர்த்தம். சிமென்ட் ஆலைகளைப் பற்றி இன்று எழும் கவலைக்கு வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆனால் ரென்ஸ் நெஸ்டை உண்மையில் விழுங்கியது இரும்பு. உலையில் இரும்புத் தாதோடு சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்துப் போட்டால், அது தாதில் உள்ள மணல் சத்தைப் பிடித்துக்கொண்டு கசடாக உருகி மேலே மிதக்கும். இரும்பு அடியில் தங்கும். கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல், உலைக்குச் செங்கல் அறுக்கத் தீக்களிமண் எல்லாமே இந்த வட்டாரத்தில் அருகருகே கிடைத்தன. புகையும் கரியும் மூடியதால் இந்தப் பகுதிக்கே பிளாக் கன்ட்ரி, அதாவது கறுப்பு நாடு என்று பெயர் நிலைத்தது என்பார்கள். 1709-ல் கோல்புரூக்டேலில் கல்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டிய ஆபிரகாம் டார்பி 1678-ல் பிறந்தது இந்தக் குன்றுக்கு அருகில்தான்.

மேலே வெட்டிய கல் தீர்ந்ததும் அடுக்கைத் தொடர்ந்து பூமிக்குள் இறங்கினார்கள். கூரை இடிந்து விழாமலிருக்க ஆங்காங்கே கல்லையே தூண்களாக விட்டுக் குடைந்தார்கள். அப்படி ஒரு குகையில் வரிசையாக நின்ற தூண்களுக்கு 'ஏழு சகோதரிகள்' என்று பெயர். நமக்குக் கன்னிமார் ஏழு பேர் நினைவுக்கு வராமல் போகாது. வெட்டிய கல்லைக் கால்வாய்ப் படகுகள் சுமந்து சென்றன. 1792-ல் திறக்கப்பட்ட டட்லி சுரங்கக் கால்வாய் கிட்டத்தட்ட 2,900 மீட்டர் நீளம். படகை இழுக்கும் குதிரை நடக்க உள்ளே பாதை கிடையாது. ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, காலால் சுரங்கச் சுவரை உதைத்து உதைத்து, இருட்டில் படகை நகர்த்திச் சென்றார்கள்.

இந்தத் தொழிலாளிகள்தான் இந்தக் கடலின் முதல் வாசகர்கள் என்பது என் எண்ணம். கல்லைப் பிளந்தபோது மூன்று மடல்களாகப் பிரிந்த உடலோடு ஒரு ஜந்து அவர்கள் கையில் கிடைத்தது. அதை அவர்கள் 'டட்லி பூச்சி' என்றார்கள். சார்லஸ் லிட்டல்டன் 1750-ல் ராயல் சொசைட்டிக்கு அதைப் பற்றி எழுதியபோது, கல்லாகிப் போன ஏதோ பூச்சி என்றே வருணித்தார். பின்னாளில் அறிவியல் அதற்கு இட்ட பெயர் காலிமெனி புளூமென்பாக்கி. டிரைலோபைட் என்ற பெரும் இனத்தைச் சேர்ந்தது. பூச்சிக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. அந்த இனம் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அடியோடு அழிந்துவிட்டது. அறிவியல் பெயர் புத்தகத்தில் இருக்க, ஊர் வாயில் நின்றது தொழிலாளி வைத்த பெயர்தான். டட்லி நகரின் சின்னத்திலேயே அந்தப் பூச்சி ஏறியது.

மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்ளுமே, டட்லி பூச்சியும் ஆபத்து வந்தால் அப்படிச் சுருண்டது. சுருண்ட நிலையிலேயே சேற்றுக்குள் மூடுண்டு கல்லானவை நிறையக் கிடைக்கின்றன. அதன் கண் வில்லைகள் கால்சைட்டால், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே கனிமத்தால் ஆனவை. நம் கண்ணைப் போல மென்மையான திசுவாக இருந்திருந்தால் அழுகிப் போயிருக்கும். தாதுவாக இருந்ததால் இத்தனை கோடி ஆண்டுகள் தாண்டி வந்திருக்கிறது.

தொழிலாளிகள் இவற்றைத் தனியே எடுத்து வைத்து, சேகரிப்பாளர்களுக்கு விற்றுச் சில்லறை பார்த்தார்கள். இன்று அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கும் அழகான டட்லி மாதிரிகள் பலவற்றைக் கல்லிலிருந்து பிரித்தவரின் பெயர் அட்டையில் இல்லை. வாங்கியவரின் பெயரே இருக்கிறது. இந்தக் கடல் இருந்த சிலூரியன் காலத்தை விளக்கி 1839-ல் 'சிலூரியன் அமைப்பு' என்ற பெருநூலை வெளியிட்ட நிலவியலாளர் ராட்ரிக் மர்ச்சிசன், 1849-ல் டட்லி குகைக்குள் விளக்கொளியில் பேசினார். ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேராயர் வில்பர்ஃபோர்ஸ் முன்னின்று 'சிலூரியாவின் அரசன்' என்று அவரை வாழ்த்த, கூட்டமும் சேர்ந்து முழங்கியது. மர்ச்சிசன் அந்தப் பாராட்டுக்கு உரியவர்தான். ஆனால் அவர் நின்று பேசிய மண்டபத்தைக் குடைந்தது உளியும் வெடிமருந்தும் பிடித்த கைகள்.

1920-களில் இங்கே வேலை நின்றது. இதுவரை 700-க்கும் மேற்பட்ட புதைபடிவ வகைகள் இந்தக் குன்றில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 186 வகைகள் உலகுக்கு முதலில் அறிமுகமானது இங்கிருந்துதான். 86 வகைகள் வேறெங்கும் கிடைத்ததே இல்லை. ஒரு பக்கச் சரிவில் கல்லை உரித்து எடுத்த இடத்தில் பழைய கடலடித் தரை அப்படியே சுவராக நிற்கிறது. அதன் மேல் அலை வரிகள் ஓடுகின்றன. அலை வடிந்த மணலில் நடக்கும்போது பாதத்தில் தட்டுப்படுமே, அதே வரிகள். இந்தக் குன்றில் ஒன்றை மட்டும் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் காட்டுவது இந்தச் சுவரைத்தான்.

ஆட்கள் போனதும் மற்ற உயிர்கள் வந்தன. குவாரித் தரையில் மண் மெல்லியது, சத்தில்லாதது, சுண்ணாம்பு மிகுந்தது. வளமான மண்ணில் புல் மளமளவென்று வளர்ந்து மற்றதை நெருக்கிவிடும்; இங்கே அதற்குத் தெம்பில்லை. அந்த இடைவெளியில் ஆர்க்கிட்கள் முளைக்கின்றன. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். தேனீ ஆர்க்கிட்டின் பூ, பெண் தேனீயைப் போலத் தோற்றம் காட்டி ஆண் தேனீயை வரவழைக்கும் வித்தை தெரிந்தது. ஆனால் பிரிட்டனில் அந்தத் தேனீக்காகக் காத்திராமல் தானே மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சுரங்கங்களுக்குள் வெயிலும் பனியும் எட்டாமல் வெப்பநிலை ஒரே சீராக இருப்பதால், குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குகின்றன. சுரங்க வாய்களில் உள்ள கம்பிக் கதவுகள் மனிதரைத்தான் தடுக்கும், வௌவாலை அல்ல.

இந்தக் காப்பகத்தில் மரம் வெட்டுவதும் பாதுகாப்பு வேலைதான். கேட்க வியப்பாக இருக்கும். விட்டால் முட்புதரும் ஆஷ் கன்றுகளும் பாறை முகப்பையும் ஆர்க்கிட் புல்வெளியையும் சில பத்தாண்டுகளில் மூடிவிடும்; வேர்கள் பாறையைப் பிளக்கும். அதனால் சில முகப்புகளைச் செதுக்கிச் செதுக்கித் திறந்தே வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கான விதி எளிமையானது: சுத்தியல் கூடாது, சரிவில் தானே உதிர்ந்து கிடப்பதில் ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டு போகலாம். அறிவியலையும் குழந்தையின் ஆசையையும் ஒருசேர மதிக்கும் விதி என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கிறது. 2020 ஜூலையில் பிளாக் கன்ட்ரி முழுவதையும் யுனெஸ்கோ உலக நிலவியல் பூங்காவாக ஏற்றது. ரென்ஸ் நெஸ்ட் அதில் முதன்மையான இடங்களில் ஒன்று.

இதை எழுதும்போதெல்லாம் என் மனம் அரியலூருக்குப் போய் வருகிறது. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரு சேகரிப்பாளர்கள் நம் பகுதியில் பொறுக்கிய கடல் படிவங்கள் லண்டனுக்குப் போய், 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸின் ஆய்வாக வெளிவந்தன. டட்லி பூச்சியைப் பற்றிப் பேசிய அதே அறிவியல் வட்டம்தான் அரியலூர்ச் சிப்பிகளையும் பேசியது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டு வயதுடையது. வளைந்த தடித்த சிப்பிகள் அதில் செங்கல் அடுக்கியதுபோல் நிறைந்து கிடக்கின்றன. அங்கேயும் அவற்றைத் திறந்து காட்டியது குவாரிதான். சிமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்த பள்ளங்களை நிரப்பும்போதோ ஏரியாக்கும்போதோ, சிப்பி நிறைந்த ஒரு முகப்பையாவது மூடாமல் விட வேண்டும். அதற்குப் பாதுகாப்பான ஒரு படிக்கட்டு போட்டு, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்த்த சிப்பியை, மழை பெய்த மறுநாள், அது கிடந்த பாறையிலேயே அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வதற்கு, அந்தப் பாறையை வெட்டிய பெரியவர்கள் அந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.