இறந்த வண்டியும் ஆயிரம் பொன்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது பழமொழி. இக்காலத்தில் அந்தப் பெருமையில் யானைக்குப் பங்காளி ஒன்று உண்டானால், அது மாருதி ஓம்னி வண்டிதான் என்பது என் அபிப்பிராயம்.

1984-ஆம் வருஷம் 'மாருதி வான்' என்று வெளிவந்த இந்தப் பெட்டி வண்டி, 1988-இல் ஓம்னி என நாமகரணம் பெற்றது. 2019-இல் அதன் உற்பத்தி நின்றது. பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் காய்கறிக் கூடைகளையும் பேதமின்றிச் சுமந்த வண்டி அது. உற்பத்தி நின்றதே தவிர, அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வயிறு நிற்கவில்லையே!

எனக்குத் தெரிந்த பூ வியாபாரி ஒருவர் தினந்தோறும் விடியுமுன் நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை ஏற்றிச் செல்கிறவர். லாரி ஒன்று உராய்ந்ததில் அவருடைய ஓம்னியின் பக்கக் கதவு நசுங்கிப் போயிற்று. வெயில் ஏறிவிட்டால் மல்லிகைக்கு விலை ஏது? புது வண்டிக்குக் கடன் வாங்கினால் மகளின் காலேஜ் படிப்பு நின்றுவிடும். இந்நிலையில், மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோப்பில் ஓடாத ஓம்னி ஒன்று கிடப்பதாகச் செய்தி வந்தது. "வாத்தியாரையா, நீங்களும் கூட வரணும். எனக்கு வண்டி தெரியும், காகிதம் தெரியாது" என்றார்.

இவ்விதம் உதிரிக்காக வண்டி வாங்குவோர் முதலில் என்ஜினைத்தான் பார்ப்பார்கள். அது அவ்வளவு அவசியமன்று. முன் ஆசனங்களின் கீழே ஒளிந்திருக்கும் அந்த மூன்று சிலிண்டர் என்ஜின், மாருதி 800 காருக்கும் ஓம்னிக்கும் பொதுவானது. ஆனால் நகரும் கதவும், அது ஓடும் தண்டவாளமும், பக்கக் கண்ணாடிகளும் ஓம்னிக்கே உரியவை. ஆகையால் கதவின் அடி விளிம்பையும் தரைத் தகட்டையும் துரு தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். வருஷத்தையும் கவனிக்க வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டியின் எரிபொருள் சாதனங்கள், பிற்கால இஞ்செக்ஷன் வண்டிக்குப் பொருந்தா.

தோப்புக்காரர் இரும்புக்கடை எடைக்கணக்கில் விலை சொன்னார். நம்மவரோ, "உதிரிப்பூவைத்தான் நான் எடை போட்டு வாங்குவேன், உதிரிப்பாகத்தை அல்ல" என்று கூறி, அதற்கு மேலும் சிறிது சேர்த்துக் கொடுத்தார். நியாயமான மனிதர்!

இனி இழுத்து வரும் படலம். வருஷக் கணக்காக நின்ற வண்டியில் டயர் வெடித்திருக்கும். பிரேக் துருவேறிச் சக்கரத்தைக் கவ்வியிருக்கும். இவற்றைச் சரிசெய்த பிறகே கயிற்றை எடுக்க வேண்டும். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டுமே வீடு வந்து சேரும். இழுப்பதற்கென்று அடியில் உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும். சாவியைத் திருப்பி ஸ்டீரிங் பூட்டை விடுவிக்க மறந்தால், முதல் வளைவிலேயே வண்டி வாய்க்காலில் இறங்கிவிடும். இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது சாலை விதி. பின்வண்டியில் அமர்பவரும் லைசென்ஸ் உள்ளவராயிருக்க வேண்டும். கயிறு தொய்ந்து திடீரென இழுபட்டால் அறுந்துவிடும். அது தொய்யாதபடி மெல்லப் பிரேக் பிடித்து வருவது அவர் பொறுப்பு. டிராக்டர் முன்னே செல்ல, நம் வியாபாரி ஆமை வேகத்தில் அதைச் செய்து முடித்தார். தூரம் அதிகமானால் கயிற்றை நம்பாமல் லாரியில் ஏற்றி வருவதே உத்தமம்.

நிற்க. முக்கியமான காரியம் இனிமேல்தான் இருக்கிறது. "பணம் வந்துவிட்டது, இனி வண்டி உங்கள் பாடு" என்றார் தோப்புக்காரர். அப்படி விடலாகாது. பிரித்தெடுத்த வண்டி மறைந்தாலும், அதன் எண்ணும் பதிவுப் புத்தகமும் மறைவதில்லை. அவை திருடன் கையில் அகப்பட்டால் களவாடிய வேறொரு வண்டிக்கு வேஷமாகும்; போலீஸ் வந்து கதவைத் தட்டுவதோ புத்தகத்தில் பெயருள்ளவர் வீட்டில். இனி ஓடவே முடியாதபடி ஆகிவிட்ட வண்டியைப் பற்றி அதன் சொந்தக்காரர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு விதிக்கிறது. இதை எடுத்துச் சொன்னதும் தோப்புக்காரர் மறுநாளே எங்களுடன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் புறப்பட்டார்.

மனிதன் இறந்தால் மரணப் பதிவு செய்கிறோம். நமக்காக உழைத்து ஓய்ந்த வண்டிக்கும் அந்த மரியாதையைச் செய்துவிட்டால், அதன் கதவும் கண்ணாடியும் இன்னொரு குடும்பத்தை நிம்மதியாக வாழவைக்கும்.