பெடல் இரண்டுதான், பெட்டி எது?

பொழுது விடியும் முன்பே பஃப்ளோ ரோட்டில் காய்கறி லாரிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் ஏற்றிய வெங்காய மூட்டையும் முருங்கைக்காய்க் கட்டும் தேக்காவில் இறங்கியாக வேண்டும். இடமோ குறுகல். வண்டி நாலடி நகரும், நிற்கும், ரிவர்ஸ் போடும், மறுபடி நாலடி நகரும். ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஓட்டுநரின் இடது கால்தான் விலை கொடுத்தது. கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போகும். இன்றைக்கு அதே தெருவில் நிற்கும் லாரிகளிலும் பிக்கப்புகளிலும் பாதம் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தால், பலவற்றில் பெடல் இரண்டுதான். ஆட்டோ கியர்.

சிங்கப்பூரின் ஓட்டுநர் உரிமமும் இந்தப் பெடலை வைத்தே ஆளைப் பிரிக்கிறது. வகுப்பு 3 உரிமம் உள்ளவர் மேனுவல் வண்டியும் ஓட்டலாம், ஆட்டோவும் ஓட்டலாம். வகுப்பு 3ஏ, 3சிஏ உரிமக்காரர் கிளட்ச் பெடல் இல்லாத வண்டியைத்தான் தொடலாம். ஆட்டோ லாரி வைத்திருக்கும் முதலாளிக்கு ஓட்டுநர் கிடைப்பது எளிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டத்துக்கு அந்த அளவு போதும். கிளட்ச் பெடல் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் அதன் வேலை முடிந்தது. ஆனால் வண்டி பழுதாகிப் பணிமனைக்குப் போகிற நாளில் இந்தப் பதில் போதாது. “ஆட்டோ கியர், இழுக்க மாட்டேங்குது, பாஸ்” என்று ஓட்டுநர் சொன்னதும், விவரமான மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: “என்ன கியர்பாக்ஸ்?”

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ், நிசான் நவாரா, மிட்சுபிஷி டிரைட்டன், இசுசு டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளின் ஆட்டோவில் இருப்பது அசல் ஹைட்ராலிக் ஆட்டோமேட்டிக். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கும். அதில் எண்ணெய்தான் சுழற்சியைக் கடத்துகிறது. பின்னால் கோள் பற்சக்கரத் தொகுதி. எந்தப் பற்சக்கரம் சுழல வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை எண்ணெய் அழுத்தத்தில் இறுகும் கிளட்ச் தட்டுகள் முடிவு செய்யும். ஹினோ 300 லாரியின் ஆறு கியர் ஆட்டோவும் இதே இனம்தான்.

இசுசு லாரியில் வரும் ‘ஸ்மூதர்’ வேறு. 2004இல் ஜப்பானில் எல்ஃப் லாரியில் அறிமுகமான ஸ்மூதர்-இ, அடிப்படையில் ஒரு மேனுவல் கியர்பாக்ஸ். அதன் முன்னால் ஒரு திரவ இணைப்பும் எண்ணெயில் நனைந்த கிளட்சும் இருக்கும். கிளட்சை விடுவிப்பதும் கியர் மாற்றுவதும் கணினியின் பொறுப்பு. ஃபுசோ கேன்டரின் ‘டுவோனிக்’ மூன்றாவது இனம். 2010இல் வந்தபோது, லாரிக்கென்று உருவான உலகின் முதல் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. சில சிறு வேன்களில் பட்டையும் கப்பியும் கொண்ட சிவிடி வருகிறது. அதில் கியர்ப்படிகளே கிடையாது.

இவை எல்லாவற்றிலும் ஓட்டுநருக்குத் தெரிவது ‘டி’ என்ற ஒரே எழுத்து. பிரேக்கை விட்டால் மெல்ல ஊரும் குணமும் மூன்று லாரிகளுக்கும் உண்டு. அதனால் ஓட்டிப் பார்த்து இனத்தைச் சொல்வது கடினம். கியர்க் கம்பியில் ஒரு துப்பு கிடைக்கும். பழைய ஸ்மூதர் லாரிகள் பலவற்றில் ‘பி’ என்ற நிறுத்தும் இடமே இல்லை, ஆர், என், டி மட்டும்தான். ஆனாலும் துப்பு சான்றாகிவிடாது. இனம் தெரியாமல் பழுது பார்க்க இறங்குவது ஆபத்து. சிவிடிக்கு ஊற்ற வேண்டிய எண்ணெய் வேறு, ஹைட்ராலிக் ஆட்டோவுக்கு வேறு. ஒன்றின் எண்ணெயை மற்றதில் ஊற்றினால், சிறு பழுதோடு வந்த வண்டி பெரும் பழுதோடு போகும். டார்க் கன்வர்ட்டருக்கென்று வகுத்த சோதனையை ஸ்மூதரில் செய்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

எனவே முதலில் தகட்டைத் தேட வேண்டும். எஞ்சின் அறைக்குள் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ ஓர் அலுமினியத் தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். டொயோட்டாவிலும் நிசானிலும் அதில் ‘டிரான்ஸ்/ஆக்சில்’ என்றோ, சுருக்கமாக ‘டிஎம்’ என்றோ ஒரு வரி உண்டு. கியர்பாக்ஸின் பெயர் அதில்தான் இருக்கிறது. பார்க்க மிரட்டும் அந்தக் குறியீட்டைப் படிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. ஹைலக்ஸில் வந்த ஏ750எஃப்பை எடுத்துக்கொள்வோம். நடு எண் 5 என்பது ஐந்து கியர். கடைசி எழுத்து எஃப் என்றால் நான்கு சக்கர இழுவை. அதற்கு முந்திய தலைமுறையின் ஏ340இல் நடு எண் 4, அதாவது நான்கு கியர். நவாராவில் பார்க்கும் ஆர்இ5ஆர்05ஏ என்ற நீளப் பெயரிலும் நடுவே நிற்கும் 5, கியர் எண்ணிக்கைதான்.

தகடும் சில சமயம் கைவிடும். வண்டி பழையதாக இருந்து, இடையில் யாராவது வேறு கியர்பாக்ஸ் மாற்றியிருந்தால், தகடு சொல்வது பிறந்தபோது இருந்த பெட்டியைத்தான். அப்போது வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டியதுதான். கியர்பாக்ஸின் உடம்பில் வார்த்த எண் இருக்கும், சில நேரம் சிறு ஸ்டிக்கரும் இருக்கும். எதுவும் இல்லாவிட்டால் எண்ணெய்த் தட்டின் வடிவம் உதவும். அமெரிக்க மெக்கானிக்குகள் தட்டின் போல்ட்டை எண்ணியே பெயர் சொல்லிவிடுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் டிஎச்350க்கு 13 போல்ட், 700ஆர்4க்கு 16. நம் ஊர்ப் பணிமனைகளில் அனுபவசாலிகளின் கண்ணும் இப்படித்தான் பழகியிருக்கிறது. தட்டின் மூலை வெட்டைப் பார்த்ததும் எந்த வடிகட்டி, எந்த கேஸ்கெட் என்று சொல்லிவிடுவார்கள்.

பெயர் தெரிந்தபின் எண்ணெய். சரியான ஆட்டோமேட்டிக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சிவப்பு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால், நல்ல எண்ணெய் இளஞ்சிவப்பாகப் பரவும். பழுப்பேறியிருந்தால் வயதாகிவிட்டது என்று பொருள். கறுத்து, கருகல் வாடையும் அடித்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேய்ந்திருக்கின்றன. தட்டைக் கழற்றும்போது அதன் அடியில் இருக்கும் காந்தங்களைப் பார்ப்பது நல்ல வழக்கம். அதில் சாம்பல் நிறப் பசை போல மெல்லிய படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்குகள் கிடைத்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

இந்த எண்ணெயின் கதையில் திமிங்கிலமும் உண்டு. கிளட்ச் தட்டுகள் அதிராமல் பிடிக்க, 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெயைச் சேர்த்தார்கள். திமிங்கில வணிகத்துக்குத் தடை வந்ததும் வேதியியலாளர்கள் மாற்றுப் பொருள் தேடி அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் இன்ன எண்ணெய்தான் என்று தயாரிப்பாளர் வற்புறுத்துவது வெறும் வியாபாரம் என்று நினைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். அந்த எண்ணெய் உயவுப்பொருள் மட்டுமல்ல, உராய்வின் அளவைத் தீர்மானிப்பதும் அதுதான்.

அளவு பார்ப்பதிலும் சிக்கல் இருக்கிறது. புதிய பிக்கப்புகள் பலவற்றில் அளவுக்கோலே கிடையாது. அடியில் ஒரு வழிவுத் திருகு இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெயின் சூடு குறிப்பிட்ட எல்லைக்குள் வந்ததும் திருகைக் கழற்ற வேண்டும். மெல்லிய தாரையாக வழிந்து, பின் சொட்டாக நின்றால் அளவு சரி. டொயோட்டாவின் பல பெட்டிகளில் அந்த எல்லை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸை ஒட்டியது. நண்பகலில் 32 பாகை காயும் சிங்கப்பூரில், காலாங்கிலிருந்து காக்கி புக்கிட் வரை ஓட்டி வந்த வண்டியின் எண்ணெய் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். வண்டியை ஆறவிட்டுத்தான் பார்க்க முடியும். வந்ததும் திருகைக் கழற்றி, வழிந்ததைப் பார்த்து ‘எண்ணெய் அதிகம்’ என்று முடிவு கட்டுபவர் வெப்பமானியைத் தொடவில்லை என்றுதான் அர்த்தம்.

எண்ணெய் வேறொரு நிறத்திலும் வரலாம். நிசானின் அனுபவம் அதற்குத் தெளிவான சான்று. அமெரிக்கச் சந்தையில் 2005 முதல் 2010 வரை வந்த ஃபிரன்டியர் பிக்கப், பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய், ரேடியேட்டருக்குள்ளேயே அமைந்திருந்தது. அந்தக் குழாயில் விரிசல் விட்டதும், குளிர்விக்கும் நீர் கியர்பாக்ஸுக்குள் புகுந்தது. சிவப்பு எண்ணெயும் நீரும் கலந்து நுரைத்த குழம்பு, தேக்கா உணவங்காடியில் கோப்பையில் தரும் பந்துங் பானத்தின் நிறத்தில் இருக்கும். அதைக் கண்ணால் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். நீரும் கிளைகாலும் கிளட்ச் தட்டின் உராய்வுப் படலத்தை ஊற வைத்து, ஒட்டுப்பசையை இளக்கிவிடும். நிறுவனம் ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல், அதாவது சுமார் 128,000 கிலோமீட்டர் வரை நீட்டியது. வழக்குகளும் நடந்தன. ஃபிரன்டியருக்கும் டி40 நவாராவுக்கும் பூர்விகம் ஒன்றே, கியர்பாக்ஸ் குடும்பமும் ஒன்றே. பழைய நவாரா வைத்திருப்பவர் ரேடியேட்டர் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறக்க வேண்டும், சூட்டில் தொடக்கூடாது.

அடுத்தது ஓட்டச் சோதனை. எண்ணெய் சூடான நிலையில், பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘என்’னிலிருந்து ‘டி’க்குத் தள்ளினால், கியர் விழும் சிறு அசைவு தெரியும். டொயோட்டாவின் கையேடுகள் இதற்கு 1.2 விநாடிக்குக் குறைவான நேரமும், ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குக் குறைவான நேரமும் குறிக்கின்றன. அதைவிடத் தாமதமானால் எண்ணெய் அழுத்தம் குறைவு, அல்லது தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. ஸ்டால் சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, பிரேக்கை இறுக மிதித்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி, எஞ்சின் சுழற்சி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. கையேட்டு எண்ணைவிடச் சுழற்சி ஏறினால் உள்ளே வழுக்கல். குறைந்தால் எஞ்சினிலோ டார்க் கன்வர்ட்டரிலோ கோளாறு. இதைப் பணிமனையில் தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும்.

ஓட்டுநரே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. பிஐஇ விரைவுச்சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி மெல்ல நடுங்குகிறது, எஞ்சின் மிஸ் ஆவது போல. பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, வேகம் குறையாத அளவுக்கு இடது பாதத்தால் பிரேக் பெடலைப் பட்டும் படாமல் தொட வேண்டும். பிரேக் விளக்கின் சுவிட்ச் தட்டியதும் கணினி டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்சை விடுவிக்கும். அந்தக் கணத்தில் நடுக்கம் நின்றால் குற்றவாளி லாக்-அப் கிளட்ச்தான். நிற்கவில்லை என்றால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும். இன்ஜெக்டர் மாற்றப் போட்டிருந்த காசு இந்த ஒரு தொடலில் மிஞ்சலாம்.

டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் செருகுவார்கள். பி0700 வந்தால் ‘கியர்பாக்ஸ் கணினியில் குறை பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்று மட்டும்தான் பொருள். அதை வைத்துக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று எவரும் சொல்ல முடியாது. பி0715 உள்சுழற்சி உணரியைச் சுட்டும். பி0741 லாக்-அப் பிடிக்கவில்லை என்று சொல்லும். பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை என்கிறது. உணரியோ வயரோ போயிருந்தால் செலவு சிறிது, தட்டுகள் போயிருந்தால் பெரிது. குறியீடு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. எண்ணெயும் ஓட்டச் சோதனையும் சேர்ந்துதான் பிரித்துக் காட்டும். நீளமான 14 அடி லாரிகளில் ‘டக்’கென்று கேட்கும் சத்தம் கியர்பாக்ஸிலிருந்தே வராமல், ஓட்டத்தண்டின் நடு பேரிங்கிலிருந்தும் வரலாம். இதற்காகக் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் உரிமையாளர் நின்று கேள்வி கேட்பதே நியாயம்.

கேள்வி கேட்க இந்த ஊரில் வலுவான காரணமும் உண்டு. 1990இல் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் சரக்கு வண்டிக்கு முதலில் கிடைப்பது 10 ஆண்டு. புதுப்பித்தாலும் சரக்கு வண்டியின் ஆயுள் 20 ஆண்டோடு முடிகிறது. எட்டாம் ஆண்டில் கியர்பாக்ஸ் படுத்தால், மீதி இரண்டு ஆண்டுக்குப் புதுப் பெட்டி போடுவதா, பழைய பெட்டி வாங்குவதா, வண்டியை விட்டுவிடுவதா என்ற கணக்கு வரும். சிறு மளிகைக்கடைக்காரருக்கும் குத்தகையாளருக்கும் அது மாத வருமானத்தை ஆட்டிவைக்கும் முடிவு. கட்டாய வாகனச் சோதனையில் தேறிவிட்டதே என்று சமாதானம் கொள்ளவும் முடியாது. அங்கே முக்கியமாகப் பார்ப்பது பிரேக், புகை, சக்கர நேர்மை, அடிப்பகுதி. மூன்றாம் கியர் வழுக்குகிறதா என்று யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

பழைய பெட்டி வாங்குவோருக்கு, கழித்துக்கட்டிய வண்டிகளிலிருந்து எடுத்ததும் கிடைக்கும், எல்லைக்கு அப்பால் ஜொகூரில் ‘ஹாஃப்-கட்’ கடைகளிலும் கிடைக்கும். ஜப்பானில் ஓடிய வண்டியைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து, பாகம் பாகமாக விற்கும் கடைகள் அவை. அங்கே ‘ஹைலக்ஸ் கியர்பாக்ஸ்’ என்று கேட்டால் ஏதோ ஒரு ஹைலக்ஸ் கியர்பாக்ஸ்தான் கிடைக்கும். தகட்டில் இருக்கும் முழுக் குறியீட்டையும் வண்டியின் மாடல் எண்ணையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவதுதான் பிழைப்பதற்கு வழி. இரண்டு சக்கர இழுவைப் பெட்டி நான்கு சக்கர இழுவை வண்டிக்குப் பொருந்தாது. வெளியே பார்க்க ஒன்றாக இருந்தாலும், கணினியும் வயர் இணைப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும்.

பெட்டி வந்து சேர்ந்தபின், பொருத்துவதற்கு முன்பு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பழைய கியர்பாக்ஸ் தேய்ந்து உதிர்த்த இரும்புத் தூள், எண்ணெய்க் குளிர்விப்பானுக்குள்ளும் அதன் குழாய்களுக்குள்ளும் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் புதிய பெட்டியை மாட்டினால், எஞ்சின் முடுக்கிய முதல் நிமிடத்திலேயே அந்தத் தூள் திரும்பி உள்ளே வரும். பணிமனை விலைச்சீட்டில் குளிர்விப்பானைக் கழுவவோ மாற்றவோ ஒரு வரி இருக்கிறதா என்று உரிமையாளர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதையும் சேர்த்து எழுதச் சொன்ன பிறகே வண்டியின் சாவியைக் கொடுக்கலாம்.