அறிவிப்புக்கு முன்பே எழுத வேண்டிய பக்கம்

அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில், லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவரும் நாளிதழ் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட். அதன் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-ல் தங்கள் அலுவலகத் தேவைக்காக பைத்தான் மொழியில், வலைத்தளங்களைக் கட்ட உதவும் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். செய்தி அறையில் காலையில் கேட்பதை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் உருவான கருவி அது. 2005 ஜூலையில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். அதுதான் ஜாங்கோ.

அப்போது களம் காலியாக இல்லை. ஓராண்டுக்கு முன்பே அதே வகைக் கருவியான ரூபி ஆன் ரெயில்ஸ் வந்திருந்தது. பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பூவைக் கட்டிக்காட்டிய அதன் வீடியோ, டெவலப்பர்களைச் சுண்டி இழுத்தது. ஜாங்கோ குழு நம்பியது எழுத்தை. பத்திரிகை அலுவலகத்தில் பிறந்ததால் வந்த குணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜாங்கோவின் டுடோரியலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு சிறிய கருத்துக்கணிப்புத் தளத்தைக் கட்டச் சொல்கிறது. சில கமாண்டுகள் கொடுத்ததும் பிரவுசரில் ஒரு வாழ்த்துப் பக்கம் வந்துவிடும். டேட்டாபேஸ், டெம்ப்ளேட் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஐந்தாம் பகுதியில் இன்னும் அழகு. முன்பு நம்மையே எழுதவைத்த ஒரு ஃபங்ஷனில் பிழை இருக்கிறது: நாளைய தேதியிட்ட கேள்வியையும் ‘சமீபத்தில் வெளியானது’ என்று சொல்லிவிடும். அந்தப் பிழையை நம்மைக் கொண்டே டெஸ்ட் எழுதிப் பிடிக்கவைத்து, நம் கையாலேயே திருத்தவைக்கிறார்கள். டெஸ்ட் எதற்கு என்று தனியாக உபதேசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

கற்றுக்கொள்ள வந்தவருக்கு டுடோரியல். ஒரு வேலையை முடிக்க வந்தவருக்குச் செய்முறை. ஏன் இப்படி என்று கேட்பவருக்கு விளக்கம். சந்தேகம் பார்க்க வந்தவருக்கு அகராதி போல ஒரு பகுதி. ஜாங்கோவின் ஆவணங்கள் இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. புதிய வசதி எழுதி அனுப்புபவர் டெஸ்ட்டோடு ஆவணமும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி.

நாளைக்கு ஒரு புராஜெக்டை வெளியிடப்போகிறவருக்கு இந்த நான்கும் முதல் நாளே தேவையில்லை. ஒரே ஒரு பக்கம் போதும். இது என்ன, யாருக்கு உதவும், எப்படி இன்ஸ்டால் செய்வது, செய்ததும் திரையில் என்ன தெரியும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத பக்கங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எல்லாம் சரியாக நடந்ததா என்று தெரியாத புதியவர் ஜன்னலை மூடிவிட்டுப் போய்விடுகிறார். எதற்காகப் போனார் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை.

அதனால், ஊரறிய அறிவிக்கும் முன், உங்கள் புராஜெக்ட் தீர்க்க நினைக்கும் சிக்கலோடு மல்லாடும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் புராஜெக்டை இதுவரை ஏற்றியிராத அவருடைய கம்ப்யூட்டரிலேயே பக்கத்தைப் படித்துச் செய்யச் சொல்லுங்கள். அருகில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். உங்கள் மெஷினில் என்றோ போட்டு மறந்துபோன லைப்ரரி அவரிடம் இருக்காது. அங்கே ஒரு எரர் வரும். அவர் எங்கெல்லாம் நின்றாரோ அதுதான் அடுத்த மாத ஆவண வேலைத் திட்டம். இப்படி நான்கைந்து பேர் தட்டுத்தடுமாறாமல் முடித்த பிறகு அறிவித்தால், வருகிறவர்கள் தங்குவார்கள். ஆயிரம் பேர் எட்டிப்பார்த்துவிட்டுப் போவதைவிட இந்த நான்கைந்து பேர் பெரிய பலம். தங்கள் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசப்போவது இவர்கள்தான்.

அவர்கள் கேட்கும் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுதாதீர்கள். ஆவணத்தில் சேர்த்துவிட்டு, அந்த இடத்தைக் காட்டுங்கள். புதியவர் அனுப்பும் முதல் திருத்தம் பெரும்பாலும் ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையாகத்தான் இருக்கும். அதை அன்றைக்கே ஏற்றுக்கொண்டு, பங்களித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.